பிடி குறைத்த சவல்

நம் சவலை இன்று காலை மொரப்பூரில் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்குத் தெற்கே, நம் சின்ன லைன் வந்து முடிகிற மேடை இருந்ததே, அந்த இடத்தில் யாரோ ஒரு மண்டிக்காரர் கொட்டகை கட்டுகிறார். மணல் குவியல் ஓரம் சித்தாள் வேலை பார்க்கிற ஒரு அம்மா சுண்ணாம்பும் மணலும் கலந்துகொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது மண்வெட்டி இல்லை, இஞ்சினுக்குக் கரி வாரிப் போடுகிற சவல். அதுவும் பிடியில் நாலு விரக்கடை குறைந்த சவல். உலகத்தில் அப்படி ஒன்றுதான் இருக்க முடியும். அதை ரம்பத்தால் அறுத்தவன் நீ. அறுக்கும்போது ஆடாமல் இருக்க மிதித்துக்கொண்டு நின்றவன் நான்.

நான் பாலக்கோட்டுக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸாம் பஸ்! யுத்தம் முடிந்தும் பெட்ரோல் பஞ்சம் தீரவில்லை. பின்பக்கம் ஒரு கரி உலையைக் கட்டிக்கொண்டு, கண்டக்டர் இறங்கி விசிறியைச் சுற்றினால்தான் நகரும். நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். நம் லைனைப் பிடுங்கிவிட்டு, ரோட்டில் கரி போட்டு ஓட்டுகிறார்கள்.

பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, இது உங்களுக்கு ஏதுங்க?"

"மேஸ்திரி குடுத்தாருங்க. கூட்ஸ் ஷெட்டுல பழைய இரும்போட கெடந்துச்சாம். புடி கட்டையா இருக்குது, குனிஞ்சி குனிஞ்சி எனக்கு இடுப்பே போவுது. எவன் இத வெட்டினானோ, அவங் கையி வெளங்காமப் போவ!"

அவள் உன்னைத் திட்டியதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம்புவாயா? நம் ஊர்ப் பக்கம் உன்னைப் பற்றி ஒருவர் வாய்திறந்து பேசி எவ்வளவு காலமாயிற்று. சவலைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கிப் பார்த்தேன். வாங்கி என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. நீ இருந்தபோது உன்னிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. பேசினாலும் அந்தக் கூண்டுக்குள் ஒன்றும் கேட்காது.

அந்தக் கூண்டை நினைத்தால் இன்னும் எனக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டரை அடித் தண்டவாளத்தில் ஓடுகிற இஞ்சினுக்கு எவ்வளவு பெரிய கூண்டு இருக்கும்? முன்னால் அடுப்பு வாய். பின்னால் கரித் தொட்டி. வலப்பக்கம் நீ, உன் கைக்கு நீராவியைத் திறந்து மூடுகிற ரெகுலேட்டர். இடப்பக்கம் நான். நடுவில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முட்டி இரண்டு பக்கமும் இடிக்கும். அந்த இடத்தில்தான் ஓசூர் வரைக்கும் கரி வாரிப் போட வேண்டும்.

எனக்கோ பீச்சாங்கை. சோற்றுக்கு மட்டும் அடித்து அடித்து வலது கையைப் பழக்கினார்கள். மற்றதெல்லாம் இடது கைதான். மற்ற ஃபயர்மேன்கள் வீசும்போது சவலின் பிடிமுனை வெளிப்பக்கம் போகும். நான் வீசினால் நேராக டிரைவரின் இடது காலில் போய்க் குத்தும். தர்மபுரி ஷெட்டில் அப்போது இருந்த டிரைவர்களில் ஒருவரும் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. "இவங்கூடப் போனா மொழங்காலு மிஞ்சாதுங்க, புளி மூட்டை தூக்க அனுப்புங்க" என்று ஃபோர்மேனிடம் என் எதிரிலேயே சொன்னார்கள். சொந்த ஊர் கம்பைநல்லூருக்குத் திரும்பிப் போக எனக்கு அங்கே ஒன்றும் இல்லை. கட்டியவள் வந்த மறுவருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் காட்டில் கூலிக்கு நிற்பதைவிட மூட்டையே தூக்கலாம் என்று நின்றேன்.

அப்போதுதான் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி நீ வந்தாய். என் வயதுதான் உனக்கும். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து ஒரு பாஷை. "எங்கூட உடுங்க, பாக்கறேன்" என்றாய். பாலக்கோடு வரும்வரை நீ வாயைத் திறக்கவில்லை. அங்கே வண்டி நின்றதும் கால்சட்டையைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டினாய். நீலமும் சிவப்புமாக வீங்கி, ஓரிடத்தில் தோல் உரிந்து இருந்தது.

"பாரு லேய், எம் பொண்டாட்டிகூட இந்தக் கால இப்படித் தொட்டதில்ல" என்றாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கிவிடுகிறேன் என்றேன். நீ ஒரு வார்த்தை கன்னடத்தில் திட்டிவிட்டு, ஷெட்டுக்குத் திரும்பியதும் ரம்பம் கேட்டு வாங்கி, சவல் பிடியை நாலு விரக்கடை அறுத்தாய். முனையை அரத்தால் ராவி உருட்டி, துணி சுற்றினாய். அப்படியும் இடித்தது. குத்தவில்லை, இடித்தது. பிறகு நாம் ஒரு வழி கண்டுபிடித்தோம். வாருவதற்கு முன் நான் சவலைத் தரைத்தகட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் நீ இடது காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பிடிமுனை உன் காலுக்குக் கீழே போய்த் திரும்பிவிடும். தட்டுவேன், தூக்குவாய், போடுவேன். பாய்லர் இரைச்சலிலும் அந்த ஒரு சத்தம் உனக்குக் கேட்கும். ஊதல் என் பக்கம் இருந்ததால் என் இடது காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிவிட்டது. அதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என்ன கேட்க வேண்டும்? நீ தூக்கியதைக் கடைக்கண்ணால் பார்த்தால் போதும்.

கொஞ்ச நாளில் நாம் தட்டுவதையும் தூக்குவதையும் மறந்தே போனோம். அது தானாக நடந்தது. ஒருமுறை பாலக்கோட்டில் உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது உன் பெண்சாதி களிச் சட்டியை டக்கென்று தரையில் வைத்தாள். நீ சாப்பிட்டுக்கொண்டே இடது காலைத் தூக்கினாய். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாருங்கண்ணா, வூட்லயும் இந்தக் கூத்துதான். நானும் சட்டிய மெதுவாத்தான் வெக்கறேன்" என்றாள். நீ வெட்கப்பட்டு "சும்னிரு" என்று அவளை அதட்டினாய்.

நம் இஞ்சின் மேல் உனக்கு இருந்த பைத்தியத்தைச் சொல்லாமல் உன்னைப் பற்றிச் சொல்ல முடியாது. அரூர் சந்தைக்குப் போகிற ஜனம் மொரப்பூரில் வந்து நின்று வேடிக்கை பார்க்கும். "ஏங்க, இதுக்குச் சக்கரமே காணம்?" என்று கேட்பார்கள். கேட்கத்தானே செய்வார்கள்! பெரிய லைன் இஞ்சினில் சக்கரம் வெளியே பளிச்சென்று தெரியும். நம்முடையதில் இரும்புச் சட்டம் வெளியே, சக்கரம் அதற்கு உள்ளே. சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஏறி இறங்கும். குறுகிய தண்டவாளத்தில் அகலமான அடுப்பை வைக்க வேண்டும், பாரத்தையும் தாங்க வேண்டும் என்றால் சட்டத்தை வெளியே தள்ளுவதுதான் வழி என்று நீ கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வாய். அவர்கள் பாதியில் போய்விடுவார்கள். நீ மீதியை என்னிடம் சொல்லி முடிப்பாய்.

தண்ணீர் விஷயத்திலும் உனக்குப் பிடிவாதம். தனியாகத் தண்ணீர் வண்டி கிடையாது. பாய்லருக்கு இரண்டு பக்கமும் தொட்டி, அதில்தான் தண்ணீர். மாரண்டஹள்ளியில் அரைத் தொட்டி இருந்தாலும் நீ நிறுத்தி நிரப்பிக்கொள்வாய். ஸ்டேஷன் மாஸ்டர் நேரமாகிறது என்று கத்துவார். "ஏய்யா, இருக்கற தண்ணியே ராயக்கோட்டைக்குப் போதுமே" என்று நானும் ஒருநாள் கேட்டேன். "தண்ணி குடிக்கறதுக்கு இல்ல லேய், காலு ஊணறதுக்கு" என்றாய். தொட்டி குறையக் குறைய இஞ்சின் கனம் குறையும், கனம் குறைந்தால் ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், தண்டவாளத்தில் எவ்வளவு மணல் தூவினாலும் பிடிக்காது. அந்த ராயக்கோட்டை ஏற்றத்தில் நீ இஞ்சினிடம் கன்னடத்தில்தான் பேசுவாய். "ஹோகு, ஹோகு" என்பாய். தமிழில் சொன்னால் போகாதா என்று கேட்டால், மலையேறுகிற இஞ்சினுக்குக் கன்னடம்தான் புரியும் என்பாய். ஏறி முடித்ததும் சவலைக் கழுவி, அதிலேயே நிலக்கடலையை வறுத்துத் தின்போம். என் வாழ்க்கையில் நான் சிரித்ததெல்லாம் அந்த ஏற்றத்தின் உச்சியில் சிரித்ததுதான்.

அப்புறம் யுத்தம் வந்தது. இரும்பு வேண்டும், தண்டவாளம் வேண்டும், இஞ்சின் வேண்டும் என்றார்கள். லைனை எடுத்துவிடப் போகிறோம், இஞ்சின்கள் கப்பலேறிப் போகும், அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இஷ்டப்பட்டால் கூடவே போகலாம், மற்றவர்களுக்குப் பெரிய லைனில் வேலை என்று ஷெட்டில் ஒரு துரை வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நீ என் கையைப் பிடித்து, "போனா ரெண்டு பேரும் போறோம், இருந்தா ரெண்டு பேரும் இருக்கறோம்" என்றாய். எனக்குக் கடலும் தெரியாது, யுத்தமும் தெரியாது. ஆனால் உனக்கும் அடுப்புக்கும் நடுவில் எனக்கு ஒரு இடம் இருக்கும் என்று தெரியும். அது போதும் என்று நானும் பெயர் கொடுத்தேன்.

பெயர் கொடுத்தவர்களைச் சோதிக்க வந்த டாக்டர் என் பின்னால் நின்று கடிகாரத்தைக் காதருகே பிடித்தார். வலது காதில் கேட்டது. இடது காதில் இல்லை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எந்த இஞ்சினின் ஊதல் என் காதைத் தின்றதோ, அந்த இஞ்சினோடு போகவே அந்தக் காது என்னை விடவில்லை.

நீ விரும்பினால் உன் பெயரையும் எடுத்துவிடலாம் என்று கிளார்க் சொன்னார். நீ ஒரு ராத்திரி யோசிக்கிறேன் என்றாய். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. நான் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேனே. மறுநாள் காலை வந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்.

"நான் போறேன் லேய். அதுக்கு எங் கைதான் பழக்கம். தெரியாதவன் எவனாவது ஏறினா அத நாசம் பண்ணிருவான்."

"எனக்கும் உங் கைதான்யா பழக்கம்" என்றேன்.

நீ சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாய்.

கடைசி ஓட்டம், தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்கு. பெட்டிகள் இல்லை, மூட்டைகள் இல்லை, இஞ்சின் மட்டும். வழிநெடுக இறக்கம். கரியே வேண்டாம், பிரேக் போதும். ஆனாலும் நான் போட்டேன். தட்டினேன், நீ தூக்கினாய், போட்டேன். திரும்பவும் தட்டினேன். ஒரு கைப்பிடிக் கரி வீணானாலும் குதிக்கிற ஆள் நீ. அன்று நீராவி மிஞ்சி மேலே வால்வு பிய்த்துக்கொண்டு கத்தியும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டும்போதெல்லாம் தூக்கினாய். மொரப்பூர் வரும்வரை நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இதே மேடைக்கு எதிரில், கட்டைகளை அடுக்கிச் சரிவு கட்டி, நம் இஞ்சினைச் சங்கிலி போட்டு இழுத்துப் பெரிய லைன் வண்டியின் முதுகில் ஏற்றினார்கள். தரையில் நின்றபோது அது எவ்வளவு பெரியது! அங்கே ஏறி நின்றபோது சந்தையில் விற்றுவிட்ட கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. சாமான்களைச் சரிபார்த்த ஆளிடம் நீ சவலை எடுத்துக் கொடுத்தாய். "இது அங்க எவனுக்கும் ஆவாதுங்க. பீச்சாங்கைக்காரனுக்கு வெட்டின புடி" என்றாய். அவர் அதைக் கூட்ஸ் ஷெட் மூலையில் எறிந்தார். நீ என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாய். நான் கையசைக்கவில்லை. கையை எதற்கு அசைப்பது என்று கோபம்.

அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் ஜோலார்பேட்டைக்குப் போனேன். அடேயப்பா, எவ்வளவு பெரிய இஞ்சின்! கூண்டில் ஒரு கல்யாணமே நடத்தலாம். கரி ஒரு மூலையில், அடுப்பு இன்னொரு மூலையில். நடுவில் ஒரு எட்டு எடுத்து வைத்துத்தான் போட வேண்டும். நான்தான் நின்ற இடத்தில் திரும்பிப் போட்டுப் பழகியவன் ஆயிற்றே. முதல் சவல் கரி முழுவதும் தரையில் கொட்டியது. இரண்டாவதும் கொட்டியது. அந்த டிரைவர், "சின்ன லைன்காரனக் கொண்டாந்து எந்தலையில கட்டிட்டானுங்க. எட்டு வெச்சிப் போடுய்யா, இங்க உன்ன யாரும் இடிக்க மாட்டாங்க" என்றார். யாரும் இடிக்க மாட்டார்கள். அதுதான் சங்கடமே. அந்த அகலத்தில் நான் எங்கே நின்றாலும் ஓரமாக நின்றேன்.

எட்டு வைக்கக் கற்றுக்கொண்டேன். தட்டுவதைத்தான் விட முடியவில்லை. ஒவ்வொரு சவலுக்கும் முன்னால் தரையில் ஒரு தட்டு. "யாரக் கூப்படறே?" என்று கேட்பார்கள். பழக்கமுங்க என்று சொல்லிவிடுவேன். ஆனால் தட்டிவிட்டு வலப்பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன்மேல் ஆத்திரம் வரும். இந்நேரம் உன் பக்கத்தில் எவனோ ஒருவன் நிற்பான். வலது கைக்காரன். அவனுக்குத் தட்டவும் வேண்டாம், உனக்குத் தூக்கவும் வேண்டாம். காலைப் பரப்பிக்கொண்டு சௌகரியமாக நிற்பாய். ஒரு இரும்பைப் பார்த்துக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போனவன்தானே நீ. ஊரே தூங்கினாலும் எனக்கு இந்த நினைப்பு தூங்காது.

அப்புறம் ஒருநாள் உன் பெண்சாதி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஜோலார்பேட்டைக்கே வந்துவிட்டாள். ஷெட் வாசலில் நின்றாள். நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "அவரு இல்லீங்களாம்ணா. ஜொரமாம். அங்கியே மண்ணுல வெச்சிட்டாங்களாம்" என்றாள். அவளுக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளை ரயிலேற்றிவிட்டு வந்து, கரி மேட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதும் கோபம் போகவில்லை. சண்டை போட வேண்டிய ஆள் இல்லை, கோபம் மட்டும் இருந்தது. இத்தனை வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன். நீ சொன்ன தண்ணீர்க் கணக்கு எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. உள்ளே கனம் இல்லாத மனுஷன் எங்கே கால் ஊன்றுவான்? வேலைக்குப் போனேன், வந்தேன், பொங்கித் தின்றேன். எல்லாம் நின்ற இடத்திலேயே சுற்றிய மாதிரிதான் இருந்தது.

போன வாரம்தான் ஒரு ஃபிட்டர் வந்தார். திருப்பத்தூர்க்காரர், யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். எங்கள் ஷெட்டுக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவர் அந்த ஊர்க் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். மணலாம், ஈச்சமரமாம். ஊரின் பெயரைச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

"உங்க பக்கத்து ஆளு ஒருத்தரு இருந்தாருங்க. சின்ன இஞ்சினோட கப்பல்ல வந்த டிரைவரு. தங்கமான மனுசன், ஆனா ஒரு கோளாறு. ஃபயர்மேன் சவலக் கீழ வெச்சி சத்தம் கேட்டாப் போதும், இடது கால டக்குனு தூக்கிடுவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கை சோற்றில் அப்படியே நின்றது.

"அவருக்கு ஃபயர்மேன் ஒரு பஞ்சாபிக்காரன். வலது கைக்காரன். அவஞ் சவலு இவரு பக்கமே வராதுங்க. எதுக்குய்யா சும்மா சும்மா தூக்கறீங்கன்னு கேட்டா, 'அவன் பீச்சாங்கைக்காரன்'ம்பாரு. எவன்யான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு. ஒருநா சாப்பிடற எடத்துல எவனோ தட்டக் கீழ போட்டுட்டான். நாங்கல்லாம் திரும்பிப் பாத்தோம். இவரு மட்டும் காலத் தூக்கினாரு."

மறுபடியும் சிரிப்பு. அப்புறம் அவரே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஜொரத்துல கெடந்தப்ப நான் போய்ப் பாத்தேங்க. நெனவே இல்ல. தண்ணி கொண்டாந்தவன் வாளியக் கீழ வெச்சான். கம்பளிக்குள்ள அந்தக் காலு தூக்கிச்சிங்க. என்னமோ போங்க."

நான் எதிரில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டினேன். எச்சில் கை வலது, அதனால் இடது கை போயிற்று. அந்தக் கையை ஃபிட்டர் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது?" என்றார்.

நான்தான் என்றேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

அட பாவி மனுஷா. இதை நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இஞ்சினுக்காக என்னை விட்டுவிட்டாய் என்று இத்தனை வருஷம் உன்னை வைதேனே. நீ என்னையும் ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாய். கடலைத் தாண்டி, அந்தக் கூண்டில் என் இடத்தை எனக்கே வைத்திருந்திருக்கிறாய். இங்கே நான் தட்டிக்கொண்டிருந்தேன், அங்கே நீ தூக்கிக்கொண்டிருந்தாய். இடையில் இருந்த தூரம் மட்டும்தான் நமக்குத் தெரிந்தது.

இதை உன் பெண்சாதியிடம் சொல்லத்தான் லீவு போட்டுவிட்டு வந்தேன். களிச் சட்டி வைத்த அன்று சிரித்த மாதிரி ஒருமுறை சிரிப்பாள், அப்புறம் அழுவாள். சொல்லத்தான் வேண்டும். நான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடிய விஷயம் இல்லை இது.

ரயிலை விட்டு இறங்கி நின்றால், எதிரில் நம் சவல். துணி சுற்றியது எப்போதோ போய்விட்டது. நீ அரத்தால் உருட்டிய முனை மட்டும் அப்படியே வழவழவென்று இருக்கிறது. உள்ளங்கையில் வைத்ததும் என் கை தானாக மாறிக்கொண்டது, இடது முன்னால், வலது பின்னால். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாலு வாரு வாரிப் போடட்டுங்களா?" என்று கேட்டேன். "போடுங்க சாமி, எனக்கென்ன நட்டம்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள். அவளுடைய சோற்றுக் கூடை என் வலப்பக்கம் தரையில் இருந்தது.

மணல் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் சவலை ஒரு தட்டுத் தட்டினேன். நின்றேன். நீ தூக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு வாரிப் போட்டேன். திரும்பவும் தட்டினேன், நின்றேன்.

"ஏங்க, தட்டிப்புட்டு எதுக்கு நிக்கறீங்க?" என்றாள்.

"அந்தப் பக்கம் ஒருத்தரு காலு இருக்குதும்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை. ஆனால் குனிந்து, அந்தப் பக்கம் இருந்த தன் கூடையை எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.